எண்ணெய் ஆலையில் நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள்

1

இந்தக் கதை ஒரு நிறுவல் வழிகாட்டியிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்களுக்கு ரயிலில் பார்த்த முகத்திலிருந்தோ பழைய கடிதத்திலிருந்தோ கதை கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது, நினைவகத் தரவுத்தளம் ஒன்றைக் கணினியில் எப்படி நிறுவுவது என்று சொல்லும் இணையப் பக்கம். அதில் மூன்று தலைப்புகள்: லினக்ஸில் நிறுவ, மேக்கில் நிறுவ, விண்டோஸில் நிறுவ. முதல் இரண்டுக்கும் கீழே இரண்டிரண்டு வரிகள். மூன்றாவதற்குக் கீழே மட்டும் தயங்கித் தயங்கிப் பேசும் நீளமான பத்தி ஒன்று. மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்தே வளர்ந்த எனக்கு இப்படி ஒரு தயக்கம் கண்ணில் பட்டால் போதும், அதன் பின்னால் ஒரு வீடு, ஒரு குடும்பம், பூட்டிய அறை ஒன்று எல்லாம் இருப்பதாகத் தோன்றிவிடும்.

அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்திருந்தவள் ரிஹாப். வட ஆப்பிரிக்கக் கடலோரத்து ஸ்ஃபாக்ஸ் நகரில் நாங்கள் சிலர் வாடகைக்கு எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் அறையில் என் பக்கத்து மேசைக்காரி. நிரல் எழுதுகிறவள். என்ன நடந்தது என்று அவள் சொல்லி முடித்ததும், எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா நான் அழுத மாதிரி மட்டும் எழுதாதே."

"நீ அழலியா?"

"கண்ணு எரிஞ்சுது. ஆலையில ஒரே புகை."

[ஆலை மின்சாரத்தில் ஓடுகிறது. புகை கிடையாது.]

நினைவகத் தரவுத்தளம் என்றால் என்னவென்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தரவுத்தளம் எல்லாவற்றையும் வட்டில் எழுதிவைத்துக்கொண்டு, கேட்டால் புரட்டிப் பார்த்துச் சொல்லும். இது எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கேட்ட கணமே பதில் வரும். ஆனால் மின்சாரம் போனால் தலைக்குள் இருப்பது போய்விடும். அதனால் அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து வட்டில் வைத்துக்கொள்ளும். வட்டில் எங்கே வைக்கும் என்று நீங்கள் இப்போது கேட்கவில்லை. ரிஹாபும் கேட்கவில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"நவம்பர் மாதத்து விடியலில் ஒலிவ மரங்களின் மேல் வெண்பனி ஒரு—" இதை ரிஹாபிடம் காட்டினேன். "நீ என்னிக்காவது விடியக்காலைல எழுந்திருக்கியா?" என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.

"மின்சாரம் போனது நான்கே நொடிகள்தான்." இது பிடித்திருந்தது. ஆனால் இப்படி ஆரம்பித்தால் யார், எங்கே, ஏன் என்று பின்னோக்கிப் போய்ச் சொல்ல வேண்டும். பின்னோக்கி நடந்தால் எனக்குக் கால் இடறும்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

கிரெம்தா சாலை எட்டாவது கிலோமீட்டரில் அம் ஸுஹேரின் எண்ணெய் ஆலை இருக்கிறது. 'அம்' என்பது சித்தப்பா மாதிரி. நரைத்த மீசைக்காரர்கள் எல்லோருமே எங்களுக்கு அம்தான். ரிஹாபின் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி அவர் வீடு. ஒலிவ அறுவடைக் காலத்தில் வரிசையை அவர் ஒரு பச்சை நோட்டில் எழுதி, ஆளுக்கு ஒரு எண் சீட்டு கொடுப்பது வழக்கம். பறித்த ஒலிவம் காத்திருக்காது. குவித்துவைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் புளிக்கும், எண்ணெய் கெட்டுவிடும். அதனால் முறை கிடைத்த பிறகுதான் பறிக்கவே ஆரம்பிப்பார்கள். இங்கே முறைதான் எல்லாம். போன வருடம் சிலர் தங்கள் சீட்டை அடுத்தவருக்குக் காசுக்குக் கைமாற்றினார்கள், சிலர் நோட்டில் பிறருடைய ஆறை எட்டாக்கினார்கள், ஒருவர் கோபத்தில் டிராக்டரை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். அரை நாள் ஆலை நின்றது.

இந்த வருடம் ரிஹாப் போய்ச் சொன்னாள்: "சீட்டே வேணாம், அம் ஸுஹேர். வாசல்ல ஒரு விசைப்பலகை வைக்கிறேன். வர்றவங்க அவங்களே பேரும் நம்பரும் அடிச்சுட்டு வீட்டுக்குப் போகட்டும். முறை வர ரெண்டு நாளுக்கு முன்னாடி செய்தி போகும். எத்தனாவதுன்னு யாருக்கும் தெரியாது. தெரியாததை எப்படி விப்பாங்க?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். பிறகு நோட்டை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"சரி மகளே. ஆனா ஒன்னு. வரிசை குழம்பிச்சுன்னா வாசல்ல நீதான் வந்து நிக்கணும். அவங்க கத்துறதை நீதான் கேக்கணும். நான் உள்ள ரொட்டி தின்னுட்டு இருப்பேன்."

"நிக்கிறேன்," என்றாள் ரிஹாப்.

3

மேக்:

ரிஹாபின் அண்ணன் லியோனிலிருந்து அனுப்பிய பழைய கணினி. ஒரு விசை இல்லை. அந்த இடத்தில் விரல் நகத்தால் அழுத்துவாள். ஒரே வரி அடித்தாள், தரவுத்தளம் வந்து இறங்கியது. இன்னொரு வரி அடித்தாள், அது தானே எழுந்து ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் தானே எழுந்துகொள்ளும். தன் பிரதியைத் தனக்கென்று உள்ள அலமாரியில் தானே வைத்துக்கொள்ளும். அந்த அலமாரி எங்கே இருக்கிறது என்று அவள் தேடிப் பார்க்க நேர்ந்ததே இல்லை. நன்றாக நடக்கும் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

லினக்ஸ்:

வஜ்தியின் மடிக்கணினி. வஜ்தி அவளோடு கல்லூரியில் படித்தவன், நிரலில் பாதி அவன் எழுதியது. இரண்டு வரியில் முடித்துவிட்டு, கை விரல்களை நெட்டி முறித்தான். "பாத்தியா மேக்கு மகாராணி? இதுக்குப் பேர்தான் கணினி."

"நிறுவ எனக்கு ஒரு வரி, உனக்கு ரெண்டு வரி. யாரு மகாராணி?"

விண்டோஸ்:

இதுதான் ஆலைக் கணினி. எடைமேடையின் நிரல் அதில்தான் ஓடுகிறது. அதைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டுவிடலாம் என்றான் வஜ்தி. "அப்ப எடைமேடை எதுல ஓடும்? உன் தலையிலயா?" என்றார் அம் ஸுஹேர்.

அந்த நீளமான, தயங்கும் பத்தி சொல்வது இதுதான்: நேரடியாக வேண்டாம், விண்டோஸுக்குள்ளேயே ஒரு சின்ன லினக்ஸை உண்டாக்கி, அதற்குள் நிறுவிக்கொள்ளுங்கள். [வீட்டுக்குள் ஒரு வீடு! இந்த இடத்தில் நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அந்த உள்வீட்டின் ஜன்னலைத் திறந்தால் வெளிவீட்டின் கூடம் தெரியும் என்றெல்லாம். ரிஹாப் அடித்துவிட்டாள்.]

அதற்கு முன் கணினியின் அடிவயிற்றில் ஓர் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. கணினி எழும் கணத்தில் ஏதோ ஒரு விசையை அழுத்த வேண்டும். எதை என்று எழுதியிருந்த ஒட்டுத்தாள் எப்போதோ எண்ணெயில் ஊறி அழிந்துபோயிருந்தது. அவள் மேல் வரிசையையும் அவன் கீழ் வரிசையையும் பத்து விரல்களாலும் தட்டினார்கள். அணைத்தார்கள், எழுப்பினார்கள், தட்டினார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் தர்புக்கா மேளம் வாசிக்கிறீங்களா? கல்யாணம் யாருக்கு?" என்றார் அம் ஸுஹேர்.

ஐந்தாவது தடவை அந்தத் திரை வந்தது. எட்டாவது கிலோமீட்டரில் இணையம் நடந்துதான் வரும் என்பதால், வஜ்தி தரவுத்தளத்தின் மூல நிரலைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தான். அதை ஒரு கோப்புறையில் போட்டு, அந்தக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு ரிஹாப் அதை ஓடக்கூடிய நிரலாகக் கட்டினாள். பத்து நிமிடம் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே புது எண்ணெயில் தோய்த்த ரொட்டியைத் தின்றார்கள். அந்த ஆலைக்கு யார் வந்தாலும், என்ன வேலையாக வந்தாலும், முதலில் அந்த வருடத்து எண்ணெயை வாயில் வைத்தாக வேண்டும். பிறகுதான் பேச்சு.

கட்டி முடிந்ததும், நின்ற இடத்திலேயே ஒரு வரி அடித்தாள். தரவுத்தளம் எழுந்து ஓடியது. அம் ஸுஹேருக்காக ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினாள்:

*மின்சாரம் போய் வந்தால் கறுப்புத் திரையைத் திறக்கவும். இந்த வரியை அடிக்கவும்.*

கீழே அந்த ஒரே வரி.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம்.

அம் லஸ்ஹர். நூறு மரம் வைத்திருக்கிற விவசாயி. முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன்: சிறிய கண்கள், எரிச்சலூட்டும் இருமல். ஒரு கதையில் ஏதாவது தொலையும்போது அதைப் பார்த்துச் சிரிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மீன் சந்தையில் அவரை உண்மையிலேயே பார்த்தேன். மீன்காரரிடம் பேரம் பேசித் தோற்றுவிட்டு, "போகட்டும், உன் பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கண்கள் பெரியவை. இருமலே இல்லை. எனவே கீழே வரும் லஸ்ஹரை நீங்கள் கொஞ்சம் தளர்த்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாள் எந்தச் சத்தமும் இல்லை. வாசலில் கூட்டம் இல்லை. வந்தவர்கள் பெயர் அடித்தார்கள், போனார்கள், செய்தி வந்ததும் ஒலிவத்தோடு வந்தார்கள். அம் ஸுஹேர் பத்து வருடத்தில் முதல் முறையாக அறுவடைக் காலத்தில் மதியத் தூக்கம் போட்டார்.

பத்தாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு மின்சாரம் நான்கு நொடிகள் போனது. [பார்த்தீர்களா, அந்த வாக்கியம் எப்படியும் வந்து சேர்ந்துவிட்டது.] ஆலை நின்றது, மறுபடி ஓடியது. கணினியும் எழுந்தது. அம் ஸுஹேர் தாளைப் பார்த்தார், கறுப்புத் திரையைத் திறந்தார், ஒற்றை விரலால் அந்த வரியை அடித்தார். ஒரு புகாரும் இல்லாமல் தரவுத்தளம் எழுந்தது.

ரிஹாபின் கைபேசி எங்கள் அறையில் அடித்தது.

"மகளே, உன் பெட்டி பூஜ்யம்னு சொல்லுது."

"எது பூஜ்யம்?"

"வரிசைல எத்தனை பேருன்னு மேல ஒரு எண் வருமே. மின்சாரம் போறதுக்கு முன்னாடிதான் பாத்தேன், நூத்து நாப்பத்து மூணு. இப்ப உருண்டையா ஒன்னே ஒன்னு உக்காந்திருக்கு."

ரிஹாப் எழுந்துவிட்டாள். காலணியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள் என்று எழுதினால் நம்புவீர்களா? அப்படித்தான் ஓடினாள். நான் பார்த்தேன்.

5

அவள் போய்ச் சேரும்போது ஆலை முற்றத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். விஷயம் அதற்குள் அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது.

"வா, வா," என்றார் லஸ்ஹர். "உன் பெட்டிக்கு மறதி வந்துடுச்சாமே? கவலைப்படாதே, எங்களுக்கு ஞாபகம் இருக்கு. நான் பதினொன்னாவது."

"அம் லஸ்ஹர், எத்தனாவதுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்காகத்தானே இத்தனையும்."

"எனக்கு உள்ளுக்குள்ள ஒரு இது இருந்துச்சு. பதினொன்னுதான்."

"அப்ப நான் பத்து," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நீ நேத்துதானேய்யா வந்தே!"

"நேத்துதான் வந்தேன். ஆனா சீக்கிரமா வந்தேன்."

சிரித்தார்கள். ஆனால் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று ரிஹாபுக்குத் தெரியும். நூற்று நாற்பத்து மூன்று பேர் அவள் பேச்சை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் சீட்டு இல்லை. நோட்டில் எழுத்து இல்லை. நாளைக் காலைக்குள் அத்தனை பேரும் இந்த வாசலுக்கு வருவார்கள், அத்தனை பேரும் பதினொன்றாவதாக இருப்பார்கள். யாரோ ஒருவர் ஏற்கெனவே பறித்துக் குவித்திருப்பார். அந்தக் குவியல் இப்போதே சூடேறிக்கொண்டிருக்கும்.

இங்கே நான் எழுதிய முதல் வடிவம்: வஜ்தி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, ஒரு பார்வை பார்த்து, விஷயத்தைக் கண்டு—

ரிஹாப் அந்தத் தாளைத் திருப்பி என் மேசைமேல் போட்டாள். "அவன் அன்னிக்கு தூனிஸ்ல பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டு இருந்தான். கண்டுபிடிச்சது நான். எழுத வந்தா உங்களுக்கெல்லாம் உடனே ஒரு மோட்டார் சைக்கிள் வேணும்."

சரி. நடந்தது இது.

வஜ்தியைக் கூப்பிட்டாள். பாதி மரத்த வாயால் அவன் சொன்னது ஒன்றுதான்: "எதையும் தொடாதே." பிறகு மருத்துவர் கைபேசியை வாங்கி வைத்துவிட்டார்.

அவள் கணினிமுன் உட்கார்ந்தாள். அம் ஸுஹேர் ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவள் தொடவில்லை. கண் எரிந்தது. [புகை.]

"நான் ஏதாவது தப்பா அடிச்சிட்டேனாம்மா?" என்றார் மெதுவாக. வாசலில் நீதான் நிற்க வேண்டும் என்று சொன்ன மனிதர் அங்கே இல்லை.

"இல்ல, அம் ஸுஹேர்."

"நீ எழுதிக் குடுத்ததை ஒரு எழுத்து விடாம அடிச்சேன். கறுப்புத் திரையைத் திறந்தேன். திறந்த உடனே அந்த வரிதான். வேற எதையும் தொடலை. உன் தாள்ல வேற ஒன்னும் இல்லையே."

திறந்த உடனே.

ரிஹாப் திரையைப் பார்த்தாள். கறுப்புத் திரையைப் புதிதாகத் திறந்தால் அது எப்போதும் ஒரே இடத்தில்தான் திறக்கும், உள்வீட்டின் வாசலில். முதல் நாள் அவள் வாசலில் நின்று அந்த வரியை அடிக்கவில்லை. நிரலைக் கட்டிய கோப்புறைக்குள், பின்கட்டில் நின்று அடித்தாள். அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள் என்பதால், "முதலில் அங்கே போகவும்" என்று தாளில் எழுதத் தோன்றவில்லை. கையால் கட்டிய இந்தத் தரவுத்தளத்துக்கு, மேக்கில் இருந்ததைப் போல அலமாரி கிடையாது. அதை எங்கே நின்று எழுப்புகிறோமோ அங்கேயேதான் பிரதியை வைக்கும். அடுத்த முறை எழும்போதும், நிற்கும் இடத்தில் மட்டும்தான் தேடும். வாசலில் எழுப்பினால் வாசலில் தேடும், ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனக்கு ஒரு கடந்தகாலம் இருந்ததா என்று யாரையும் கேட்காது.*

அவள் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். கோப்பு அங்கே இருந்தது. தேதி இன்று. நேரம் பத்து மணி ஐந்து நிமிடம்.

(* எல்லா வழிகாட்டிகளுக்கும் இந்தக் குறை உண்டு. எழுதுகிறவர் தான் நிற்கும் இடத்திலேயே வாசகரும் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார். இந்தக் கதையிலும் நான் எங்கெங்கே அப்படி நினைத்தேனோ, தெரியவில்லை. மன்னிக்கவும்.)

6

வாசலில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். கோப்பை இன்னொரு பிரதி எடுத்துத் தன் பென்டிரைவில் போட்டுக்கொண்டாள். பின்கட்டில் போய் நின்றாள். அதே ஒரு வரி.

திரையில் பெயர்கள் மேலிருந்து கீழாக இறங்கின. மிஸாவி, கூபா, ட்ரிகி, மறுபடி ஒரு ட்ரிகி, அவருடைய மைத்துனர்.

ரிஹாப் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நாற்காலியில் அப்படியே சரிந்தாள். அம் ஸுஹேர் ஒரு முழு நிமிடம் இறைவனுக்கு நன்றி சொன்னார், பிறகு கணினியின் தலையில் தட்டிக்கொடுத்தார், பிறகு முற்றத்தைப் பார்த்துக் கத்தினார்:

"லஸ்ஹர்! நீ அறுபத்தொன்னு!"

முற்றம் வெடித்துச் சிரித்தது. இந்த முறை அடியில் ஒன்றும் இல்லை.

"பெட்டிக்கு ஞாபகம் வருதான்னு சோதிச்சுப் பாத்தேன்," என்றார் லஸ்ஹர். "வந்துடுச்சு. நல்ல பெட்டி."

ரிஹாப் ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் முக்கினாள். தொண்டையின் ஓரத்தில் புது எண்ணெயின் காரம் ஏறியது. இருமினாள். இன்னொரு துண்டு எடுத்தாள். அப்போதுதான் மேலே இருந்த எண்ணைப் பார்த்தாள்: நூற்று முப்பத்தேழு.

ஆறு பேரைக் காணோம்.

பத்து ஐந்துக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில் வந்தவர்கள். பிரதிக்குள் ஏறாத நாற்பது நிமிடம்.

ஆலையை நிறுத்தாமல், முற்றத்தில் இருந்தவர்களையும் உள்ளே அழைத்து, அந்த நாற்பது நிமிடத்தைத் திரும்பக் கட்டினார்கள். அந்த நேரத்தில் அம் ஸுஹேர் எடைமேடையில் நின்றபடி வாசலைப் பார்த்திருந்தார். முதலில் பக்கத்துத் தோட்டத்துத் தாரிக் வந்தான். பிறகு ஸகியாரே சாலைக்காரர்கள் இருவர். பிறகு, ரிஹாபின் ஆசிரியையாக இருந்த மஹ்பூபா அம்மா, சின்ன வண்டியில். நால்வரின் பெயரையும் ரிஹாப் வந்த வரிசையில் சேர்த்தாள்.

"அப்புறம் ஒருத்தர். அவருக்கு அப்புறம், கடைசியா என் மச்சான்," என்றார் அம் ஸுஹேர்.

"ஒருத்தர்னா யாரு?"

"முதுகுதான் பாத்தேன். பழுப்புக் கஷாபியா, தலைமூடி போட்டிருந்தார். அடிச்சுட்டுப் போயிட்டார்."

முற்றத்தில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் அந்தக் கம்பளி மேலங்கியைத்தான் போட்டிருந்தார்கள். பழுப்பு. தலைமூடியோடு.

"அது நான்தான்னு சொல்லிடட்டுமா?" என்றார் லஸ்ஹர்.

"சொல்லு. அறுபத்தொன்னுலேர்ந்து நூத்து நாப்பத்திரண்டுக்குப் போ."

"வேணாம், வேணாம். நான் இல்ல."

மச்சானை ஓர் இடம் முன்னால் நகர்த்திவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அம் ஸுஹேர் மறுத்தார். "வந்தாரில்ல? வந்து அடிச்சாரில்ல? பெட்டி மறந்தா அவர் வரலைன்னு ஆயிடுமா?" ரிஹாப் நூற்று நாற்பத்திரண்டாவது வரியில் பெயருக்குப் பதிலாக 'கஷாபியா' என்று அடித்தாள். கைபேசி எண்ணின் இடத்தைக் காலியாக விட்டாள்.

திரையின் மேல் நூற்று நாற்பத்து மூன்று என்று வந்தது.

அன்று மாலையே அவள் தரவுத்தளத்துக்கு ஒரு நிலையான அலமாரி ஏற்படுத்தி, ஒவ்வொரு பெயரும் வந்த கணமே வட்டில் பதிவாகும்படி மாற்றினாள். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள். அதன் முதல் வரி: *முதலில் இங்கே வந்து நில்லுங்கள்.*

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ. அந்த ஆள் மறுநாளே வருகிறார், தலைமூடியை விலக்குகிறார், அது ஒரு— [யாராக இருந்தாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.]

ஆ. வரவே இல்லை. அவர் முறையில் ஆலை அரை மணி நேரம் வெறுமனே ஓடுகிறது. அழகான முடிவு. ரிஹாபிடம் படித்துக் காட்டினேன். "வெறும் ஆலையை ஓட விடுவாரா அவரு? மின்சாரம் உங்க வீட்டுதா?" என்றாள்.

இ. மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என்னால் முடியாது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்று அந்த முறை இன்னும் வரவில்லை. அந்தக் காலி எண்ணுக்கு முன்னால் இன்னும் இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். செய்தி அனுப்ப எண் இல்லாததால், லஸ்ஹர் போகிற இடமெல்லாம் சொல்லிவருகிறார். காப்பிக் கடையில், மீன் சந்தையில், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வரும் படிக்கட்டில்: பத்தாம் நாள் காலையில வந்தது யாருப்பா? உன் இடம் பத்திரமா இருக்கு, வந்து பேரைச் சொல்லு.

ஒருவேளை அது நீங்களாக இருக்கலாம். ஒரு குளிர்காலக் காலையில் எங்கோ ஒரு வாசலில் உங்கள் பெயரை அடித்துவிட்டு, அது பதிவாகியிருக்கும் என்று நம்பி, திரும்பிப் பார்க்காமல் போனவர். அப்படியானால் வாருங்கள். கிரெம்தா சாலை, எட்டாவது கிலோமீட்டர். யார் என்று யாரும் உடனே கேட்கமாட்டார்கள். முதலில் ரொட்டித் தட்டு வரும்.